கிராங்கை பேலன்ஸ் செய்தால் புல்லட்டின் அதிர்வு நின்றுவிடுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் எழுதிக்கொள்கிறேன். உங்களிடம் இருப்பது 1990களில் வந்த, வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட ராயல் என்ஃபீல்டு புல்லட் 350. பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கீழ்முனை பேரிங்) தேய்ந்து தட்டும் சத்தம் வந்ததால் எஞ்சினைப் பிரித்து, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு மாற்றி, சிலிண்டரின் உள்பக்கத்தைக் குடைந்து பெரிதாக்கி (போரிங்), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். வண்டி நன்றாக இழுக்கிறது. ஆனால் 70 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் கைப்பிடியிலும் ஃபுட்ரெஸ்டிலும் முன்பு இல்லாத அதிர்வு. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கை லேத் பட்டறையில் கொடுத்து, அதிலுள்ள கனமான சக்கரமான ஃபிளைவீலில் துளை போட்டு பேலன்ஸ் செய்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா, செய்தால் அதிர்வு முழுதாகப் போகுமா, எஞ்சினின் தேய்மானம் குறையுமா என்று கேட்கிறீர்கள். இவை மூன்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: இந்த வேலைக்குப் பிறகு வந்த அதிர்வுக்குக் காரணம் பேலன்ஸ்தானா? இருக்க வாய்ப்பு குறைவு என்பது என் எண்ணம். பாலிடெக்னிக்கில் படித்த இயந்திரவியலும் அதன் பிறகு கிராங்க் வேலையிலேயே கழிந்த ஆண்டுகளும் எனக்குச் சொல்லித் தந்ததை வைத்து, ஏன் என்று எழுதுகிறேன்.

ஒற்றை சிலிண்டர் எஞ்சினை, கிராங்குக்கு எதிர்த்திசையில் சுற்றும் தண்டு ஏதும் இல்லாமல், முழுமையாக பேலன்ஸ் செய்ய முடியாது. இதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. கிராங்க் பின்னும் (ராடு மாட்டியிருக்கும் அச்சு) ராடின் அடிப்பகுதியும் வட்டமாகச் சுற்றுகின்றன. அவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் சரியான எடையை வைத்தால் கணக்கு தீர்ந்துவிடும். பிஸ்டன் சுற்றுவதில்லை. மேலும் கீழுமாக மட்டுமே ஓடுகிறது. அதன் விசையும் மேலும் கீழுமாக மட்டுமே வருகிறது. அதை அடக்க ஃபிளைவீலில் நாம் வைக்கும் எதிர் எடையோ வட்டமாகத்தான் சுற்றும். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அந்த எடை கீழே நின்று அதை எதிர்க்கிறது, நல்லது. கால் சுற்று போனதும் அதே எடை முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ இழுக்கிறது. அங்கே அதை எதிர்த்து நிற்க எதுவும் இல்லை. ஆக, செங்குத்தான அதிர்வில் எவ்வளவைக் குறைக்கிறோமோ, அவ்வளவையும் கிடைமட்டத்தில் புதிதாக உண்டாக்குகிறோம்.

அளவு தெரிந்தால்தான் இதன் தீவிரம் புரியும். புல்லட் 350-ன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சிசி. ஸ்ட்ரோக்கில் பாதியான 45 மில்லிமீட்டர்தான் கிராங்க் பின் சுற்றும் ஆரம். பிஸ்டன், ரிங்குகள், பிஸ்டன் பின், ராடின் மேல்முனை எல்லாம் சேர்த்து 550 கிராம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் எஞ்சினில் தராசு என்ன சொல்கிறதோ அதுதான் சரியான எண். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் இந்த எடை உச்சியில் உண்டாக்கும், சுற்றுக்கு ஒருமுறை வரும் முதன்மை விசை ஏறக்குறைய 110 கிலோ எடைக்குச் சமம். 4,000 சுற்றில் அது 440 கிலோவைத் தாண்டுகிறது. சுற்று இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் சாதுவாக ஓடிய வண்டி 80-ல் பல்லைக் கடிக்க வைப்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம். இதற்கு மேல், ராடு சாய்ந்து சாய்ந்து போவதால் சுற்றுக்கு இரண்டு முறை வரும் இரண்டாம் நிலை விசை ஒன்றும் உண்டு. பெரும்பாலான எஞ்சின்களில் அது முதன்மை விசையில் கால் பங்கை ஒட்டி இருக்கும். ஃபிளைவீலில் எவ்வளவு துளை போட்டாலும் அது ஒரு துளிகூடக் குறையாது.

பிஸ்டன் பக்கத்து எடையில் எத்தனை சதவீதத்தை எதிர் எடையால் ஈடுசெய்வது என்பதைத்தான் பேலன்ஸ் ஃபேக்டர் என்கிறார்கள். பூஜ்ஜியம் என்றால் விசை முழுவதும் செங்குத்தில். 100 என்றால் முழுவதும் கிடைமட்டத்தில். 60 என்றால் செங்குத்தில் 40 பங்கு மிச்சம், கிடைமட்டத்தில் 60 பங்கு புதிதாக. ஒற்றை சிலிண்டர் மோட்டார்சைக்கிள்களில் 50-க்கும் 70-க்கும் இடையில் வைப்பதுதான் பரவலான வழக்கம். இந்த எண்ணை எஞ்சின் தனியாகத் தீர்மானிப்பதில்லை. வண்டியின் சட்டம் (ஃபிரேம்) எந்தத் திசையில் விறைப்பாக இருக்கிறது, எஞ்சின் எங்கே பிடிக்கப்பட்டிருக்கிறது, சிலிண்டர் நிமிர்ந்து நிற்கிறதா முன்னால் சாய்ந்திருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து, ஓட்டிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அதனால், ஒற்றை சிலிண்டரை பேலன்ஸ் செய்வது என்றால் அதிர்வை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவெடுப்பது, அவ்வளவுதான். துளை போட்டால் "சரியாகிவிடும்" என்று சொல்பவரிடம், எந்த சதவீதத்திலிருந்து எந்த சதவீதத்துக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் கிராங்கை அவரிடம் கொடுக்காதீர்கள்.

50 சதவீதத்தில் ஒரு விசித்திரம் நடக்கிறது. மிஞ்சுகிற விசை அளவு மாறாமல், கிராங்க் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில், கிராங்கின் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியானால் எதிர்த்திசையில் சுற்றும் இன்னொரு தண்டில் அதே அளவு எடையை வைத்தால் முதன்மை விசை அடங்கிவிடும் அல்லவா? பேலன்சர் தண்டின் தத்துவம் இதுதான். ராயல் என்ஃபீல்டு 2016-ல் ஹிமாலயனின் 411 சிசி எஞ்சினிலும், 2020-ல் மீட்டியோருடன் வந்த 349 சிசி எஞ்சினிலும் இதைச் சேர்த்தது. இதே 349 சிசி எஞ்சின் கொண்ட புதிய கிளாசிக் 350-ஐ ஓட்டிப் பார்த்துவிட்டுத் தன் பழைய புல்லட்டையும் அப்படி ஆக்க முடியுமா என்று கேட்பவர்கள் அதிகம். முடியாது. அந்த எஞ்சினுக்குள் கூடுதலாக ஒரு தண்டே ஓடுகிறது; உங்கள் எஞ்சினில் அதற்கு இடமும் இல்லை, ஏற்பாடும் இல்லை.

தேய்மானத்தைப் பற்றி நீங்கள் கேட்டதில் ஒரு தவறான எதிர்பார்ப்பு கலந்திருக்கிறது. ஃபிளைவீலில் எதிர் எடையைக் கூட்டினாலும் குறைத்தாலும் பிக் எண்டின் மீது வரும் சுமை மாறாது. பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசை ராடு வழியாக வந்து பிக் எண்டில்தான் இறங்குகிறது. எதிர் எடை அதற்கு அப்பால், ஃபிளைவீலில் உட்கார்ந்திருக்கிறது. பிஸ்டன், சிலிண்டர் தேய்மானத்துக்கும் இது பொருந்தும். பேலன்ஸ் மாறினால் சுமை மாறுவது கிராங்கின் தண்டுகளைத் தாங்கும் மெயின் பேரிங்குகளிலும், எஞ்சின் பெட்டியிலும், அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளிலும்தான். பிக் எண்ட் நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் சுத்தமான எண்ணெய், ஒழுங்காக வேலை செய்யும் எண்ணெய் பம்ப், டாப் கியரில் முக்கி முனக விடாத ஓட்டுமுறை, இவற்றில் கவனம் வையுங்கள். பழைய புல்லட்டுகளில் பிக் எண்டில் உருளை பேரிங்குக்குப் பதில் மிதக்கும் புஷ் (தளர்வாகச் சுழலும் உலோக வளையம்) இருக்கும். உங்களுடையதும் அப்படியானால் எண்ணெய் விஷயத்தில் அது சற்றும் பொறுக்காது.

இப்போது உங்கள் வண்டிக்கு வருகிறேன். ஓவர்சைஸ் பிஸ்டன் பழையதைவிட 20 கிராம் கூடுதல் என்று வைப்போம். முன்பு 550 கிராமுக்கு 60 சதவீதம், அதாவது 330 கிராம் ஈடுசெய்யப்பட்டிருந்தது. செங்குத்தில் 220 கிராம் மிச்சம். இப்போது மொத்தம் 570, ஈடு அதே 330, மிச்சம் 240. சதவீதம் 60-லிருந்து 58-க்குச் சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது. செங்குத்து விசை 9 சதவீதம் கூடியிருக்கிறது. கூர்மையாகக் கவனிப்பவர் உணரலாம். "முன்பு இல்லவே இல்லை, இப்போது கை மரத்துப்போகிறது" என்று நீங்கள் எழுதியிருக்கும் மாற்றத்துக்கு இது போதாது. வேறு நிறுவனத்தின் பிஸ்டனைப் போட்டு எடை 80 கிராம் குறைந்திருந்தால் அது வேறு கதை: மொத்தம் 470, ஈடு 330, சதவீதம் 70-ஐத் தொட்டுவிடும், செங்குத்து அதிர்வு குறைந்து, முன்பின்னாக உலுக்கல் தெரியும். பழைய பிஸ்டனைப் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி, இரண்டையும் ரிங், பின், பின்னைப் பிடிக்கும் சர்க்கிளிப்போடு எடை போட்டுவிட்டால் இந்த சந்தேகம் தீர்ந்துவிடும். நகைக்கடைத் தராசு தேவையில்லை, சமையலறையில் வைக்கும் டிஜிட்டல் தராசு போதும். புதியது வண்டிக்குள் இருப்பதால், அதே நிறுவனத்தின் அதே அளவு பிஸ்டனைக் கடையில் எடை போட்டாலும் ஏறக்குறைய தெரிந்துவிடும்.

என் சந்தேகம் கிராங்க் நேராக இருக்கிறதா என்பதில்தான். இந்த கிராங்க் ஒரே துண்டு அல்ல. இரண்டு ஃபிளைவீல்களை நடுவில் கிராங்க் பின் சேர்த்துப் பிடித்திருக்கிறது. வெளிப்பக்கம் இரண்டு தண்டுகள். ராடு மாற்ற வேண்டுமானால் இதைப் பிரித்தே ஆக வேண்டும். திரும்பச் சேர்க்கும்போது ஒரு ஃபிளைவீல் மற்றதைவிட மயிரிழை திரும்பி உட்கார்ந்தாலும், அல்லது கிராங்க் பின் பக்கம் நெருங்கி எதிர்ப்பக்கம் விரிந்தாலும், இரு தண்டுகளும் ஒரே கோட்டில் இருக்காது. அப்படிப்பட்ட கிராங்கைப் பெட்டிக்குள் போட்டு போல்ட்டை இறுக்கினால், ஒவ்வொரு சுற்றிலும் தண்டு பேரிங்கை வளைக்கும், பேரிங் பெட்டியை வளைக்கும். மெயின் பேரிங்கின் ஆயுளைத் தின்பது இதுதான், இதில் எனக்கு ஐயமே இல்லை. அதிர்வில் இதன் பங்கு எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட முடியாது. ஆனால் கிராங்க் பிரித்துச் சேர்த்த பின் புதிதாக அதிர்கிறது என்று வரும் எஞ்சின்களில் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவி) வைத்ததும் முள் ஆடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். துளை போட வேண்டிய தேவை வந்தவை மிகக் குறைவு.

சரிபார்ப்பது கடினமான வேலை அல்ல, பொறுமையான வேலை. கிராங்கை லேத்தின் இரு கூர்முனை மையங்களுக்கு இடையிலோ, வி பிளாக்கில் (V வடிவத் தாங்கி) அதன் பேரிங் இடங்களிலோ தாங்கி, இரு பக்கத் தண்டுகளிலும் ஃபிளைவீலுக்கு அருகில் ஒவ்வொரு டயல் கேஜ் வைத்து மெதுவாகச் சுற்ற வேண்டும். மையங்களில் வைப்பதானால் அந்த மையக் குழிகள் அடிபடாமல் இருக்க வேண்டும். கெட்டுப்போன குழியில் வைத்து எடுத்த அளவு வீண். முள்ளின் மொத்த ஆட்டம் 0.03 மில்லிமீட்டருக்குள் வந்தால்தான் என் கையிலிருந்து கிராங்க் வெளியே போகும். 0.05 வரை ஏற்பவர்களும் உண்டு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு மேல் என்றால் செம்புச் சுத்தியலால் ஃபிளைவீலின் விளிம்பில் அளந்து தட்டியும், விரிந்த பக்கத்தை நெருக்கியும், நெருங்கிய பக்கத்தில் ஆப்பு வைத்து விரித்தும் நேராக்குவார்கள். தட்டுவதைப் பார்த்தால் முரட்டு வேலை போலத் தெரியும். முள்ளைப் பார்த்துக்கொண்டே தட்டுபவருக்கு அதுவே நுட்பம். டயல் கேஜே இல்லாமல், இரு ஃபிளைவீல்களின் விளிம்பில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து "நேராக இருக்கிறது" என்று சொல்லும் பட்டறைகளும் இருக்கின்றன. உங்கள் கிராங்க் அப்படி ஒன்றுக்குப் போய்வந்ததா என்று விசாரியுங்கள்.

எஞ்சினை மறுபடி பிரிப்பதற்கு முன்னால் செலவில்லாத சில சோதனைகள் உண்டு. 75-ல் டாப் கியரில் வரும் அதிர்வு, மூன்றாம் கியரில் எஞ்சின் அதே குரலில் ஓடும் குறைந்த வேகத்திலும் வருகிறதா? வந்தால் எஞ்சின் பக்கம். எந்த கியரிலும் அதே சாலை வேகத்தில்தான் வருகிறது என்றால் சக்கரம், டயர், பின் செயின் பக்கம் பாருங்கள். எஞ்சினை இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். அதைச் சட்டத்தோடு பிடிக்கும் தகடுகள், நீண்ட போல்ட்டுகள், எஞ்சின் தலையைச் சட்டத்தோடு இணைக்கும் பட்டை, சைலன்சர் பிடிமானம், இவற்றில் ஒன்று தளர்ந்திருந்தாலோ வலிந்து இழுத்துப் பூட்டப்பட்டிருந்தாலோ நீங்கள் எழுதிய அறிகுறிகள் அப்படியே வரும். எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயின் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்கிறதா என்பதையும் பாருங்கள். குறிப்பிட்ட வேகத்தில் ஏறி, அதைத் தாண்டியதும் குறையும் அதிர்வு, சட்டமோ கைப்பிடியோ அந்த அதிர்வெண்ணில் ஒத்திசைவதால் வருவது. நிமிடத்துக்கு 3,500 சுற்று என்றால் விநாடிக்கு 58 அதிர்வு. கைப்பிடியின் இயல்பான அதிர்வெண் அதற்கருகில் இருந்தால் சிறு விசையும் பெரிதாகத் தெரியும். இதற்குக் கைப்பிடி முனையில் எடை வைப்பது, ரப்பர் மாற்றுவது போன்ற எளிய தீர்வுகளே போதும்.

எல்லாம் பார்த்தபின், பிஸ்டன் எடை உண்மையிலேயே பெரிதும் மாறியிருந்தால் பேலன்ஸ் செய்யலாம். முறை இது. ராடைக் கிடைமட்டமாக வைத்து, பிக் எண்டை ஒரு தாங்கியில் சுழலும்படி நிறுத்தி, மேல்முனையைத் தராசில் வைத்தால் மேல்முனை எடை கிடைக்கும். 150 கிராம் என்போம். இதை ராடு கிராங்கில் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பிஸ்டன், ரிங், பின், சர்க்கிளிப் 400 கிராம். மொத்தம் 550, அதில் 60 சதவீதம் 330. சேர்த்து முடித்த கிராங்கை மட்டம் பார்த்த இரு கத்திமுனைகளில் வைத்தால் ராடு தானாகத் தொங்கும். அதன் மேல்முனை எடை 150 ஏற்கெனவே அங்கே இருப்பதால் மேலும் 180 கிராமை அதில் தொங்கவிட வேண்டும். அந்த நிலையில் கிராங்கை எங்கே நிறுத்தினாலும் அது உருளாமல் நின்றால், உங்கள் எஞ்சின் 60 சதவீதத்தில் இருக்கிறது. கிராங்க் பின் பக்கம் கீழே போனால் அந்தப் பக்கத்தில் எடை குறைக்க வேண்டும், எதிர்ப்பக்கம் போனால் அங்கே. முதலில் இதே முறையில், துளை எதுவும் போடாமல், எடையை மட்டும் மாற்றிப் பார்த்து இப்போதைய சதவீதத்தைக் கண்டுபிடியுங்கள். தொழிற்சாலை வைத்த எண் கையில் இல்லாதபோது, பழைய பிஸ்டனோடு அந்த எஞ்சினில் இருந்த சதவீதத்துக்கே திரும்புவதுதான் பாதுகாப்பான இலக்கு.

இங்கேதான் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. கார், டிராக்டர் கிராங்குகளையும் மின்விசிறி உருளைகளையும் பேலன்ஸ் செய்து பழகிய இயந்திரத்தில், பிஸ்டன் பக்கத்து எடைக்கு ஈடாகக் கிராங்க் பின்னில் கட்டும் ஈட்டு எடை எதுவும் இல்லாமல் உங்கள் ஃபிளைவீல்களை ஏற்றினால், திரையில் எதிர் எடைப் பக்கம் "மிகை" என்று காட்டும். காட்டத்தான் செய்யும், அது வேண்டுமென்றே வைத்த மிகை. இயக்குபவர் அதைப் பிழை என்று எண்ணித் துளை போட்டுப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தால், பிஸ்டனை எதிர்க்க வைத்திருந்ததை வழித்தெடுத்துவிட்டார் என்று பொருள். அச்சிட்ட அறிக்கையில் எண்கள் அழகாக இருக்கும். வண்டி ஓட்ட லாயக்கில்லாமல் போகும். இயந்திரத்தில் செய்வதானால் கிராங்க் பின்னில் கணக்கிட்ட ஈட்டு எடை கட்டியே தீர வேண்டும். இவ்வளவு ஒடுங்கிய ஃபிளைவீல் ஜோடிக்கு, இரண்டும் சமமாக இருந்தால், கத்திமுனை முறையே பெரும்பாலும் போதும்.

துளையின் அளவையும் மனத்தில் வையுங்கள். 10 மில்லிமீட்டர் விட்டமும் 10 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள துளை எடுப்பது சுமார் 6 கிராம். விளிம்பருகே 70 மில்லிமீட்டர் ஆரத்தில் போட்டால், கிராங்க் பின் ஆரத்தில் அது 9 கிராமுக்குச் சமம். இரு ஃபிளைவீல்களிலும் சமமாகப் பகிர்ந்து, சிறிதாகத் தொடங்கி, ஒவ்வொரு துளைக்கும் பின் மறுபடி கத்திமுனையில் வைத்துப் பார்க்க வேண்டும். துளைத்ததைத் திரும்ப அடைப்பது சள்ளை பிடித்த வேலை. இதோடு சேர்த்து ஃபிளைவீலைக் கடைந்து எடை குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். விளிம்பைச் சுற்றிலும் சமமாகக் கடைந்தால் பேலன்ஸ் கெடாதுதான். ஆனால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வரும் எரிப்பு உதையை விழுங்கிக்கொண்டிருந்த எடை போய்விடும், குறைந்த வேகத்தில் வண்டி குலுங்கும்.

நேரில் பார்க்காமல், கையால் தொடாமல் எழுதுகிறேன் என்பதை மறக்க வேண்டாம். எஞ்சின் பிடிமானத்தில் கோளாறு இருந்தால் மேலே எழுதியதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. உங்கள் வண்டிக்கு மிகச் சிறந்த சதவீதம் 58-ஆ, 62-ஆ, 65-ஆ என்று எவர் சொன்னாலும் அது அனுபவ ஊகமே. ஓட்டிப் பார்க்காமல் அதைச் சொல்ல வழியில்லை. முதலில் போல்ட்டுகள், பிறகு பிஸ்டன் எடை, அதன்பின் டயல் கேஜ் என்று இந்த வரிசையில் போங்கள். இரு பக்கத் தண்டுகளின் டயல் கேஜ் அளவையும், இரண்டு பிஸ்டன்களின் எடையையும், ராடு பற்றிப் பட்டறையில் சொன்னதையும் இங்கே எழுதினால், துளை போட வேண்டுமா என்பதை ஊகத்தில் இல்லாமல் எண்ணில் பார்த்துவிடலாம்.